சுக்கான் பக்கத்து மெத்தை

உங்கள் நாற்காலியைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. இருக்கை முன்பக்கம் சரிந்திருக்கிறது. அதனால்தான் நான் வந்ததிலிருந்து நீங்கள் ஒரு காலை ஊன்றி ஊன்றிப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தொடை கடுக்கும். வேலைப் பளு என்று நினைத்துக்கொள்வீர்கள். வேலைமேல் ஒரு குற்றமும் இல்லை. முன்காலுக்கு அடியில் சின்னதாக ஒரு மரத்துண்டைச் செருகினால் சரியாகிவிடும்.

என் புத்தி அப்படி. எல்லோரும் ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பார்கள். நான் உட்காருகிற தினுசைப் பார்ப்பேன். முதுகு எங்கே வளைகிறது, முட்டி எங்கே மடங்குகிறது, தலை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கண் தானாக அளந்துவிடும்.

என் அண்ணன் செத்த விஷயமாக வந்திருக்கிறேன். பாய்மரப் படகுக்காரர், மிதவைக்குப் பக்கத்தில் கட்டை அடித்து இறந்தாரே, அவர்தான். நீங்கள்தான் வந்து விசாரித்தீர்கள். கயிறுகளை இழுத்துப் பார்த்தீர்கள், பாயைப் பிரித்துப் பார்த்தீர்கள், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று முடித்தீர்கள். கயிறுகள் ஒழுங்காகத்தான் இருந்தன. நான் ஒரு கயிற்றைக்கூடத் தொடவில்லை. ஆனால் கவனக்குறைவு என்றீர்களே, அது தப்பு. அண்ணன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் கவனம் இல்லாத ஆள் கிடையாது. இப்போது படகுத்துறையில் போகிறவன் வருகிறவன் எல்லாம், "வித்தை காட்டப் போயி மண்டையக் குடுத்துட்டாரு" என்று பேசுகிறான். கேட்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அண்ணன் பேரைக் காப்பாற்ற என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்னப் படகுதான். பின்பாதியில் ஆட்கள் உட்காருவதற்காகத் தாழ்வாக ஒரு பள்ளம் இருக்கும், நாங்கள் தொட்டி என்போம். தொட்டியின் இரண்டு பக்கமும் பலகை. கடைசியில் குறுக்காக ஒரு பலகை, அதுதான் சுக்கான் பிடிக்கிறவர் இடம். தொட்டிக்கு மேலே, பாயின் அடிவிளிம்பைத் தாங்கிக்கொண்டு ஒரு நீண்ட கட்டை இருக்கும். காற்று பின்னாலிருந்து வரும்போது படகைத் திருப்பினால், பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும். கட்டையும் கூடவே வரும். காற்று பலமாக இருந்தால் அது வருகிற வேகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் முன்பக்கம் ஒருவர் நின்று பாயைக் கவனித்து, "கட்டை!" என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். குரல் கொடுப்பது என் வேலை.

துறைக்குத் திரும்பும்போது அந்த மிதவையைச் சுற்றித்தான் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் கட்டை அங்கேதான் தாவும். அண்ணனின் வித்தையும் அங்கேதான். நான் குரல் கொடுத்ததும் பயணிகள் எல்லாம் முட்டிக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள். அண்ணன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயை லேசாக நெஞ்சுப் பக்கம் இறக்குவார். அவ்வளவுதான். கட்டை தலைமுடிக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் பறந்து போகும். அண்ணன் சிரித்துக்கொண்டே நிமிர்வார். பெண்கள் "ஐயோ!" என்பார்கள், பிறகு கை தட்டுவார்கள். அவர் கட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தப் பலகையில் அத்தனை வருஷம் உட்கார்ந்த உடம்பு அது. எவ்வளவு குனிய வேண்டும் என்று கண்ணைக் கேட்பதில்லை, கழுத்துக்கே தெரியும்.

அப்பா இருந்தபோது ஒருநாள் சுக்கானை என்னிடம் கொடுத்தார். மிதவையைச் சுற்றும்போது குரல் வருவதற்கு முன்னாலேயே திருப்பிவிட்டேன். கட்டை தோளில் பட்டு அப்பா தண்ணீரில் விழுந்துவிட்டார். அண்ணன் குதித்துத் தூக்கினார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அண்ணன் வாயில் அந்தக் கதை வளர்ந்துகொண்டே போனது. முதலில் தோளில் சிராய்ப்பு. பிறகு தோள் எலும்பு விரிந்தது. அப்பா பல வருஷம் கழித்து நெஞ்சு வலியில் போன பிறகு, "அன்னைக்கு விழுந்தவருதான், அப்புறம் பழைய ஆளா எந்திரிக்கவே இல்ல" என்று ஆகிவிட்டது. ஏறுகிற பயணிகளிடம் எல்லாம் சொல்வார். நான் திருப்பிய மாதிரி, அப்பா விழுந்த மாதிரி, தாமே அலறின மாதிரி, எல்லாம் நடித்துக் காட்டுவார். நன்றாக நடிப்பார், அதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பேசியிருந்த பெண் அவள் வீட்டாரோடு ஒருநாள் படகில் வந்தாள். அன்றைக்கும் சொன்னார். அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் அந்த இடம் தட்டிப்போய்விட்டது. வேறு காரணம் சொன்னார்கள்.

சரி, சுக்கான்தான் இல்லை என்றான பிறகு நான் தொட்டியில் கவனம் வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கிப் போவார்கள். பலகை ஈரம், வெயில், காலை வைக்க இடமில்லை, பையை வைக்க இடமில்லை. அண்ணனுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. "கடலுக்கு வர்றவன் சோபா கேட்டா வீட்டுலயே கெடக்க வேண்டியதுதானே" என்பார். நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். தரையில் இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்தேன், தண்ணீர் அடியில் வடிந்துவிடும், கால் நனையாது. இரண்டு பக்கமும் சாய்மானம் வைத்தேன், பின்னால் கொஞ்சம் சரித்து, தோள்பட்டைக்குக் கீழே முடிகிற மாதிரி. படகு சாயும்போது உதைத்துக்கொள்ள நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். அலை தெறிக்காமல் முன்னால் ஒரு கித்தான் தடுப்பு. இரண்டு பக்கப் பலகைக்கும் மெத்தை. உப்புத் தண்ணீர் பட்டாலும் கெடாத துணி, ஓரத்தில் இரட்டைத் தையல். ஒரு வயதான அம்மாள் ஏறி உட்கார்ந்ததும், "அப்பாடா!" என்று காலை நீட்டினார் பாருங்கள், எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அண்ணன் முதலில் நக்கல் செய்தார். "டேய், இது படகா, சலூன் கடையா?" என்றார். கூட்டம் கூடியதும், "நான்தான் செய்யச் சொன்னேன்" என்று ஆகிவிட்டது. எனக்கு மெத்தை என்று பட்டப்பேர் வைத்தார். "டேய் மெத்தை, கயித்த விடுறா." "டேய் மெத்தை, தலைகாணி எங்கடா?" துறை முழுக்க என் சொந்தப் பேர் மறந்துவிட்டது. டீக்கடைக்காரரும் மெத்தை என்றுதான் கூப்பிடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

தொட்டி வேலை எல்லாம் முடிந்த அன்றைக்கு அண்ணனிடம் ஒன்று கேட்டேன். பயணிகள் யாரும் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் அண்ணன் மகளும்தான்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு தடவ நான் புடிச்சுப் பாக்கவா? மிதவை வரைக்கும் போதும்."

அவர் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "மெத்த தைக்கிறவன் தைக்கிறதோட நிக்கணும்டா. ஒக்காரணும்னு ஆசைப்படக் கூடாது." பிறகு மகளைக் கூப்பிட்டு, "வாம்மா, நீ வந்து புடி" என்றார். அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் முடியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், பாவம், அவளுக்கே சங்கடமாகப் போய்விட்டது. போய்ப் பிடித்தாள். நன்றாகவே பிடித்தாள். மிதவையில் நான் குரல் கொடுத்தேன். அவளும் அப்பனைப் போலவே மோவாயை மட்டும் இறக்கினாள்.

இதற்காகத்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருக்கும். நான் காய்ச்சல் கண்டு கிடந்தபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். அதையும் பயணிகளிடம் சொல்வார். "இவன் எடை அப்பவே ஒரு மூட்டை உப்பு" என்பார்.

பிறகு அவருக்கு இடுப்பு வலி வந்தது. அண்ணிதான் என்னைக் கேட்டாள். "தம்பி, ஊரு சனத்துக்கெல்லாம் செஞ்சு போடுறீங்க, ஒங்க அண்ணனுக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறாரு." நான் செய்து கொடுத்தேன். நல்ல மெத்தைதான், நல்ல மனசோடு தைத்ததுதான். மெதுவான பஞ்சு, உட்கார்ந்தால் அமுங்கிப் பலகையோடு ஒட்டிவிடும். கூடவே பின்னால் ஒரு சாய்மானமும் வைத்தேன். சாய்மானம் வைத்ததும் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. முன்பெல்லாம் கூன் போட்டு உட்காருவார், இப்போது நேராக உட்கார்ந்தார். அன்றைக்கு மிதவையில் கட்டை அவர் தலைமுடியைத் தொட்டுக்கொண்டு போனது.

அண்ணன் சிரித்தார். "பாத்தீங்களா, தல சீவி விட்டுட்டுப் போகுது" என்றார். பயணிகள் ஒரே ஆர்ப்பாட்டம். அடுத்த தடவை மோவாயைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கினார். இரண்டு மூன்று நாளில் பழைய இடைவெளி வந்துவிட்டது. கழுத்து புதிதாகப் பாடம் படித்துக்கொண்டது.

நான் முன்பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய உயிர் இப்போது என் தையலில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கட்டைக்குக் கீழே உட்காரவில்லை, நான் வைத்த பஞ்சுக்கு மேலே உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அந்தப் படகில் முதல் தடவையாக ஒரு விஷயம் என் கையில் இருந்தது.

அதற்கப்புறம் நான் அவசரப்படவில்லை. மெத்தை நன்றாக அமுங்கித் தட்டையாகட்டும், அவர் கழுத்து அந்த உயரத்துக்கு நன்றாகப் பழகட்டும் என்று விட்டுவிட்டேன். துறையில் படகு கட்டியிருந்த ஒரு மத்தியானம் நானே அந்த இடத்தில் உட்கார்ந்து, கட்டையைக் கையால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். அண்ணன் என்னைவிட எவ்வளவு உயரம் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும், சுவரில் சாய்த்து வைத்து அவரேதான் அளந்து காட்டிக் கேலி செய்வார். அந்தக் கணக்கைக் கூட்டிக்கொண்டேன். பிறகு மெத்தையின் ஒரு பக்கத் தையலைப் பிரித்தேன். உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்டு, எந்திரங்களுக்கு அடியில் அதிர்வு தாங்கப் போடுவார்களே, அந்தக் கெட்டி ரப்பர், அதை வைத்தேன். எத்தனை ஆள் உட்கார்ந்தாலும் அமுங்காது. கையால் தடவினால் வித்தியாசம் தெரியக் கூடாதே என்று மேலே மெல்லிசாகப் பஞ்சு பரப்பினேன். அதே உறை, அதே நூல், அதே ஊசித் துளைகள். நானே மறுநாள் பார்த்து எது என்று ஒரு நொடி தேடினேன். அவ்வளவு சுத்தமான வேலை.

அன்றைக்குக் காற்று நன்றாக இருந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, கண்ணாடி போட்ட வாத்தியார் ஒருவர், அவர் மனைவி. அண்ணன் உட்கார்ந்ததும் கொஞ்சம் அசைந்து கொடுத்தார்.

"என்னடா, இன்னைக்கு சிம்மாசனம் மாதிரி இருக்கு?"

"பஞ்சு மாத்தியிருக்கேன்ணே. அமுங்கிப் போச்சுல்ல."

"நல்லாருக்குடா. இடுப்புக்கு சொகமா இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. பஞ்சு மாற்றியிருந்தேன், சொன்னேன். போகும்போது எதிர்க்காற்று, கட்டை மெதுவாகத்தான் நகர்ந்தது, எல்லோரும் பெரிதாகக் குனிந்தார்கள், அவரும் எட்டிக் கயிறு இழுக்க வேண்டியிருந்ததால் தாழ்ந்துதான் இருந்தார். திரும்பும் வழியில் அந்த வாத்தியார் சாய்மானத்தைத் தட்டிப் பார்த்து, "ரொம்ப சௌகரியமா இருக்கே, யாரு பண்ணது?" என்று கேட்டார். அண்ணன் பழைய கதையை ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"எல்லாம் எங்க மெத்தை வேலைங்க. எந் தம்பி. இவன் மட்டும் இல்லைன்னா இந்தப் படகுல ஒரு ஈ காக்கா ஏறாது. என்னைய நம்பியா வர்றாங்க?"

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. நான் மனுஷன்தானே ஐயா, எனக்கு மனசு குளிர்ந்தது. அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். மிதவை இன்னும் கொஞ்சம் தூரத்தில்தான் இருந்தது. "அண்ணே, நல்லாக் குனிஞ்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்ல நிறைய நேரம் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதை அவர் ஒரு கதையாக்கி, ஏறுகிற ஆட்களிடம் எல்லாம் நடித்துக் காட்டுவார். "என் தம்பி என்னையக் கொல்லப் பாத்தான், அதையும் ஒழுங்காப் பண்ணத் தெரியல." நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பாயின் ஓரம் துடித்தது. நான் எப்போதும் போலக் குரல் கொடுத்தேன். கொஞ்சமும் தாமதம் இல்லை, வேண்டுமானால் அந்த வாத்தியாரைக் கேளுங்கள். எல்லோரும் குனிந்தார்கள். அண்ணன் மோவாயை இறக்கினார், எந்த அளவோ அந்த அளவு, மயிரிழை பிசகவில்லை. அதைத்தான் சொல்கிறேன், அவர்மேல் கவனக்குறைவு என்று எழுதுவது அநியாயம்.

கனமான கதவு ஒன்று சாத்திய மாதிரி சத்தம் வந்தது. அண்ணன் முன்னால் சரிந்து தரைச் சட்டத்தில் விழுந்தார். அந்தப் புதுப்பெண் கத்தினாள். நான் ஓடிப் போய் அவரைத் திருப்பிப் போட்டேன். இரத்தம் தேங்காமல் சட்டங்களுக்கு நடுவே வடிந்துபோனது. நான் போட்ட சட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றலாமா என்று கேட்டால், தோன்றியது, அவ்வளவுதான் சொல்வேன். பிறகு சுக்கானைப் பிடித்தேன். அந்தக் காற்றில் படகைத் துறைக்கு ஒரு உராய்வு இல்லாமல் கொண்டுவந்து ஒட்டினேன். அப்பா பார்த்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார். துறையில் அத்தனை பேர் நின்றார்கள், ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் அண்ணனையே பார்த்தார்கள். செத்த பிறகும் அவரையே பார்த்தார்கள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்து, அளந்து, தைத்துக் கொன்றேன். சாட்சி ஒன்றும் கிடையாது. அந்த மெத்தையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது என்று அண்ணி அன்றைக்கே கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டாள். ரப்பர் எரிந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை, அதுவும் யாருக்கும் உறைக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, படகை இனி யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தது. நான் கேட்காமலேயே வரும் என்று இருந்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? அண்ணி அழுது ஓய்ந்த குரலில் சொன்னாள். "பொண்ணு புடிக்கட்டும் தம்பி. அவங்கப்பாகிட்ட கத்துக்கிட்டவ. நீங்க எப்பவும் போல முன்னாடி நின்னு பாத்துக்கோங்க. ஒங்கள விட்டா அவளுக்கு யாரு இருக்கா?" அவள் மனசில் கல்மிஷம் இல்லை. என்னை ஒதுக்குகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. இந்த வீட்டில் யாருக்குமே அது தெரிந்ததில்லை.

அண்ணன் மகள் மறுநாள் வந்தாள். நல்ல பிள்ளை. என்னை மெத்தை என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாசலில் நின்றுகொண்டு, "சித்தப்பா, எனக்கு முன்னாடி ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது, ஆளுங்க தலைதான் மறைக்குது. அப்பாவுக்குத் தைச்சீங்களே, அது மாதிரி ஒண்ணு தைச்சுக் குடுங்களேன். இன்னும் கொஞ்சம் ஒசரமா" என்றாள். அவள் அம்மா மாதிரி, குள்ளம். அவளை உட்கார வைத்து அளவெடுத்தேன். மெத்தை தைக்கிறவன் அளவெடுக்காமல் எப்படித் தைப்பான்? உயரம் கேட்டதால் கெட்டி ரப்பர்தான் சரிப்படும், பஞ்சு என்றால் அமுங்கிவிடும். நேற்றே முடித்துக் கொடுத்துவிட்டேன். தலை, அண்ணன் கடைசியாக உட்கார்ந்திருந்த உயரத்துக்கு வந்தது. உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அப்பா ஒசரத்துல இருக்கேன் சித்தப்பா" என்று கண் கலங்கினாள்.

இன்றைக்குத்தான் அவள் முதல் பயணம். எனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டு இங்கே வந்தேன். முன்பக்கம் நின்று குரல் கொடுக்க அண்ணியே போயிருக்கிறாள். நல்ல காற்று, சன்னல் கதவு அடித்துக்கொள்வதைப் பார்த்தாலே தெரிகிறது. இந்நேரம் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். நான் வந்தது அண்ணன் பேரைக் காப்பாற்ற மட்டும்தான். வேறு ஒன்றையும் மனசில் வைத்துக்கொண்டு வரவில்லை.

ஏன் ஐயா எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் படகு மிதவையைத் தாண்டிவிடும். அந்த மெத்தையில் நீங்கள் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. அவள் என்ன உயரம் கேட்டாளோ, அதைத்தான் நான் வைத்தேன்.